க.விலக்கிலிருந்து பென்டிக்டன் வரை

தேனியிலிருந்து ஆண்டிபட்டி போகிற சாலையில், அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் க.விலக்கில் தெற்கே திரும்பினால் கண்டமனூர். அதைத் தாண்டினால் கடமலைக்குண்டு, பிறகு மயிலாடும்பாறை, வருசநாடு, கடைசியாக வாலிப்பாறை. அதற்கப்புறம் மேகமலைக் காடுதான். மூல வைகை இந்தச் சாலைக்குத் துணையாகவே வரும். ஆனால் வருடத்தில் பாதி நாளுக்குமேல் அதில் மணலைத்தான் பார்க்க முடியும்.

சைக்கிள் மிதிப்பவர்களுக்கு விடியற்காலையில் இது அருமையான சாலை. பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸெல், முதல் டிரிப் மினி பஸ், தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றிவரும் டிராக்டர், இவ்வளவுதான் எதிரே வரும். ஏழு மணி தாண்டினால் கதையே வேறு. பள்ளிக்கூட வேன்கள் கிளம்பிவிடும். அறுவடைக் காலமாக இருந்தால் சாலையின் ஒரு பாதியில் சோளமோ எள்ளோ காயும். ஊருக்கு ஊர், வெள்ளைக் கோடு போடாத வேகத்தடை ஒன்று பதுங்கியிருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து யாராவது மலேசியாவுக்கோ ஆஸ்திரியாவுக்கோ போய் அயர்ன்மேன் போட்டியை முடித்துவிட்டுத் திரும்பினார் என்று செய்தி வரும்போதெல்லாம் தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு கேள்வி எழுவது நியாயம்தான். மலை இங்கே இருக்கிறது. மேட்டுச் சாலை வேண்டுமானால் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்ககாலப் பூவின் பெயர். வெயிலுக்குப் பஞ்சமில்லை. வைகை அணை நிறைந்தால் 71 அடி தண்ணீர். அப்படியிருக்க லட்சக்கணக்கில் செலவழித்து, சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து, கடல் கடந்து போய் எதைத் தேடுகிறார்கள்?

முதலில் போட்டி என்னவென்று பார்த்துவிடலாம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் நிற்காமல் அடுத்தடுத்து முடிப்பது டிரையத்லான். அதில் அயர்ன்மேன் எனப்படும் முழு தூரம் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். கடமலைக்குண்டிலிருந்து மதுரை போய்த் திரும்பும் தூரம் கிட்டத்தட்ட அந்த சைக்கிள் பகுதிக்குச் சமம். பெரும்பாலான போட்டிகளில் மொத்தக் கெடு 17 மணி நேரம். கெடு தாண்டி ஒரு நிமிடம் கழித்து வந்தாலும் பெயருக்கு நேராக ‘முடிக்கவில்லை’ என்றுதான் எழுதுவார்கள்.

இந்தத் தூரங்களை எந்த விஞ்ஞானியும் கணக்குப் போட்டு வைக்கவில்லை. ஹவாயின் ஓவாஹு தீவில் ஏற்கெனவே ஒரு கடல் நீச்சல் போட்டி, தீவைச் சுற்றிவரும் ஒரு சைக்கிள் பந்தயம், ஹொனலூலு மாரத்தான் என மூன்று இருந்தன. நீச்சல்காரன் வலிமையானவனா, ஓட்டக்காரனா, சைக்கிள்காரனா என்று கிளம்பிய வாக்குவாதத்தில், அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் மூன்றையும் ஒரே நாளில் வைத்துவிடுவோம் என்றார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் தண்ணீரில் இறங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 விநாடி ஆனது. இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்குக் கடைசிக் கட்டத்தில் தண்ணீர் தீர்ந்துபோக, உடன் வந்தவர்கள் பீர் கொடுத்தார்கள் என்பது இந்த விளையாட்டின் புராணக் கதைகளில் ஒன்று. சிரிப்பைத் தள்ளிவைத்துவிட்டு அதில் ஒன்றைக் கவனிக்கலாம். அந்த முதல் போட்டியிலேயே ஒவ்வொருவரும் தங்களுக்கு உதவ ஆட்களைக் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

தேனி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. பிள்ளைகள் நீச்சல் பழகுவது தோட்டத்துக் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையையோ காலி எண்ணெய் கேனையோ கட்டி, மாமனோ சித்தப்பனோ மேலேயிருந்து தள்ளிவிடுவதுதான் முதல் பாடம். இந்த மாவட்டத்திலிருந்துதான் 2019 மார்ச்சில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை பத்தரை மணி நேரத்தில் நீந்தி வந்தான். இரண்டு வருடம் கழித்து, 2021 மார்ச்சில், பதினான்கு வயதுப் பையன் ஒருவன் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் போய்த் திரும்பியே வந்தான்; ஏறக்குறைய இருபது மணி நேரம். ஒரு வழிக்கு முப்பது கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அயர்ன்மேனின் நீச்சல் தூரத்தை இதனுடன் வைத்துப் பார்த்தால் அந்த 3.8 கி.மீ. பெரிதாகத் தெரியாது.

அவர்கள் நீந்திய பாக் நீரிணையில் தமிழர்களுக்குப் பழைய கணக்கு உண்டு. வல்வெட்டித்துறை நவரத்தினசாமி 1954-லேயே அதைக் கடந்தார். அதே ஊரைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல் போகவும் வரவுமாக 51 மணி நேரம் நீந்தினார். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் உயிர் போனது. சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் 1994-ல், பன்னிரண்டு வயதில், பாக் நீரிணையில் தொடங்கி ஒரே வருடத்தில் ஆறு கால்வாய்களை நீந்தினான். 1966-ல் ஐந்து நீந்திய மிஹிர் சென்னின் சாதனை அதோடு பின்னுக்குப் போனது. இந்த நீச்சல்களில் கடலுக்கு முன்னால் தாண்ட வேண்டியது காகிதம். இரண்டு நாட்டு அரசுகள், கடற்படைகள், கடலோரக் காவல் எல்லாம் தலையசைக்க வேண்டும். துணைப் படகு, மருத்துவர், நடுவர் எல்லாம் வேண்டும். தண்ணீரில் இருப்பது ஒரு பையன். அவனைச் சுற்றி ஒரு சிறிய ஊர்.

இங்கே இலவமரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் வருசநாட்டுக்காரர்கள் கோபிப்பார்கள். கடமலைக்குண்டு, வருசநாடு, போடி வட்டாரங்களின் அடையாளமே இலவம் பஞ்சுதான். மெத்தைக்கும் தலையணைக்கும் போகிற அந்தப் பஞ்சின் இழை உள்ளீடற்று இருக்கும். மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் சட்டென்று ஏறாது. செயற்கை நுரைகள் வருவதற்கு முன்னால், இருபதாம் நூற்றாண்டின் பாதி வரை, கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளில் அடைத்தது இலவம் பஞ்சைத்தான். இன்று குளிர்ந்த ஏரிகளில் டிரையத்லான்காரர்கள் போடும் வெட்சூட் நியோபிரீன் ரப்பரில் செய்தது. உடல் சூட்டைக் காப்பாற்றும், கூடவே மிதக்கவும் வைக்கும். தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் அயர்ன்மேனில் சாதாரணப் போட்டியாளர்கள் அதைப் போட்டுக்கொண்டு பரிசுக்கு நிற்க முடியாது. கிணற்றில் வளர்ந்தவர்களுக்கு அது இல்லாவிட்டால் நஷ்டமில்லை. அது கட்டாயமாகும் அளவுக்குத் தண்ணீர் குளிரும்போதுதான் சிக்கல். மார்பை இறுக்கிப் பிடிக்கும் அந்த ரப்பர் சட்டையில் முதல் ஐந்து நிமிடம் மூச்சே வராது என்பது வெப்பநாட்டு நீச்சல்காரர்களின் பொதுப் புலம்பல்.

இனி பென்டிக்டன்.

2009-ன் கோடையில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உள்ள அந்தச் சிற்றூரில் அல்ட்ராமேன் கனடா என்ற போட்டியில் அனு வைத்தியநாதன் இறங்கினார். தமிழ் வீட்டுப் பெண், பொறியியல் படித்தவர், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் வழியாக நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்டத்துக்குப் போனவர், நடுவில் காப்புரிமை ஆலோசனை நிறுவனம் ஒன்றையும் நடத்தினார். அதாவது, அரசு வேலையோ விளையாட்டு ஒதுக்கீடோ இல்லாமல், சொந்தப் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே பயிற்சி எடுத்தவர். அல்ட்ராமேன் என்பது அயர்ன்மேனை இரண்டால் பெருக்கி மூன்று நாளாகப் பிரித்தது போன்றது: 10 கி.மீ. நீச்சல், சுமார் 420 கி.மீ. சைக்கிள், 84.4 கி.மீ. ஓட்டம். ஒவ்வொரு நாளுக்கும் 12 மணி நேரக் கெடு. அதை ஆறாவது இடத்தில் முடித்தார். அந்தத் தூரத்தை முடித்த முதல் ஆசியப் பெண் என்றுதான் அன்றைய செய்திகள் அவரை அறிமுகப்படுத்தின. தன் அனுபவங்களை 2016-ல் ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். பின்னாளில் மேடை நகைச்சுவைக்கும் சினிமாவுக்கும் போய்விட்டார்.

நடிகர் மிலிந்த் சோமன் 2015-ல் சூரிச்சில் 15 மணி 19 நிமிடத்தில் அயர்ன்மேன் முடித்தபோது நாடே பேசியது. 2017-ல் அவர் புளோரிடாவில் அல்ட்ராமேனையும் முடித்தார், ஓட்டத்தை வெறுங்காலில். நல்லதுதான். ஆனால் அவருக்கு எட்டு வருடம் முன்னாலேயே ஒரு பெண் இதைச் செய்திருந்தாள் என்பது அந்தப் பேச்சில் எங்கேயும் வரவில்லை. சினிமா முகம் இல்லாவிட்டால் நம் ஊரில் 84 கி.மீ. ஓட்டத்துக்கும் மதிப்பு அவ்வளவுதான்.

பென்டிக்டன் போகிற வழியே ஒரு போட்டிக்குச் சமம். மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து ஐரோப்பாவிலோ கிழக்காசியாவிலோ விமானம் மாறி வான்கூவர். பிறகு மலைகளின் ஊடே நானூறு கி.மீ.க்கு மேல் காரில். கடிகாரத்தைப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். இரவைப் பகலாக்கி, அதன் மேல் அரை மணி நேர வட்டியும்.

சைக்கிள் கூடவே வர வேண்டும் என்பதுதான் பெரிய தலைவலி. ஹேண்டில்பாரைக் கழற்றித் திருப்பி வைக்க வேண்டும், சீட்டை இறக்க வேண்டும், சக்கரங்களை எடுத்துக் காற்றைக் குறைக்க வேண்டும், பின்பக்க டெரெய்லர் வளைந்துவிடாமல் துணி சுற்ற வேண்டும். பெடல்களில்தான் புதியவர்கள் மாட்டுவார்கள். வலது பெடல் வழக்கமான திசையில் கழலும். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. தெரியாமல் திருகினால் இன்னும் இறுகும். கடமலைக்குண்டு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற பையனுக்கு இது மூன்றாவது நாளே தெரிந்துவிடும். ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று கார்பன் சைக்கிள் வாங்கியவர்கள் ஹோட்டல் அறையில் இரவு இரண்டு மணிக்கு ஸ்பேனரோடு போராடுவதுண்டு. பெட்டியைத் தள்ளிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனால், அளவு கடந்த சாமான் என்று அதற்குத் தனிக் கட்டணம். வட அமெரிக்காவில் முழு தூர அயர்ன்மேன் ஒன்றுக்குப் பதிவுக் கட்டணமே நூற்றுக்கணக்கான டாலர் ஆகிறது. அல்ட்ராமேன் இன்னொரு படி மேலே: இடத்துக்கு அழைப்பு வேண்டும், உதவியாளர்களின் பயணச் செலவும் நம் தலையில்.

பென்டிக்டன் இருக்கும் ஒகனாகன் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் தேனிக்காரர் யாராக இருந்தாலும் சற்று நின்று பார்ப்பார். கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. ஒகனாகனும் மலைத்தொடர்களின் மழை மறைவில்தான் கிடக்கிறது. தெற்கே ஒசோயூஸ் பக்கம் பாலைவனச் செடிகளே வளரும். இரண்டு இடத்திலும் வானத்தை நம்பாமல் பாசனத்தை நம்பித்தான் விவசாயம். அங்கே ஆப்பிள், செர்ரி, பீச். எல்லாவற்றுக்கும் மேலாகத் திராட்சை. கம்பத்தின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-ல் அதைக் கொண்டுவந்தார் என்பது இங்கே சொல்லப்படும் வரலாறு. ஒகனாகனிலும் கதை அதேதான். சார்லஸ் பாண்டோசி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1859-ல் அங்கே மடம் அமைத்து ஆப்பிளும் திராட்சையும் நட்டார். பூசைக்கு ஒயின் வேண்டும் என்ற ஒரே தேவைதான் உலகத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு பள்ளத்தாக்குகளைத் திராட்சைக் காடாக்கியது போலிருக்கிறது. ஒரு வித்தியாசம்: அங்கே வருடத்துக்கு ஒரு அறுவடை, பனிக்காலத்தில் கொடி மொட்டையாக நிற்கும். கம்பத்தில் கொடிக்கு அந்த ஓய்வுகூடக் கிடையாது.

பென்டிக்டனின் மக்கள்தொகை நாற்பதாயிரத்துக்கும் கீழே, கம்பம் நகரத்தில் பாதிதான் தேறும். வடக்கே ஒகனாகன் ஏரி, தெற்கே ஸ்காஹா ஏரி, நடுவில் ஊர். இரண்டு ஏரிகளையும் இணைக்கிற வாய்க்காலில் கோடைக்காலத்தில் குடும்பம் குடும்பமாக ரப்பர் டியூபில் மல்லாந்து மிதந்து போவதுதான் ஊரின் பொழுதுபோக்கு. லாரி டியூபோடு கிணற்றில் குதித்தவர்களுக்கு அதைப் பார்த்தால் சொந்தம் பிறந்துவிடும்.

அல்ட்ராமேன் கனடாவின் முதல் நாள் ஸ்காஹா ஏரியின் பென்டிக்டன் முனையில் தொடங்கியது. நீந்த வேண்டியது ஏரியின் மறுமுனையில் இருக்கும் ஒகனாகன் பால்ஸ் வரை, 10 கி.மீ. ஒவ்வொரு நீச்சல்காரருக்கும் ஒரு சிறு துணைப்படகு கூடவே வரும். ஏரி நீச்சலில் கடலைப் போல உப்பு நம்மைத் தூக்கிப் பிடிக்காது, ஆனால் ஜெல்லி மீனும் கிடையாது. மூன்று நான்கு மணி நேரம் முகத்தைத் தண்ணீரில் வைத்திருந்தவருக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். உடல் அவ்வளவு நேரம் படுத்தே இருந்ததால் இரத்த அழுத்தம் பழைய நிலைக்கு வரக் கொஞ்சம் பிடிக்கும். அந்தத் தள்ளாட்டத்திலேயே சைக்கிளில் ஏற வேண்டும், சுமார் 145 கி.மீ. மாலை ஆறேழு மணிக்கு முடித்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தால், மறுநாள் காத்திருப்பது 275 கி.மீ. சைக்கிள். தேனியில் கிளம்பியவர் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்த பிறகும் நாற்பது கி.மீ. போல மிச்சமிருக்கும். திராட்சைத் தோட்டங்கள், ஒசோயூஸுக்கு மேலே ஒரு செங்குத்து மேடு, ரிக்டர் கணவாய், சாலையோரப் பழக்கடைகளுக்குப் பேர்போன கெரமியோஸ், பிறகு பிரின்ஸ்டன் என்ற மலையூர்.

மூன்றாம் நாள் பிரின்ஸ்டனிலிருந்து சம்மர்லேண்ட் வரை 84.4 கி.மீ. ஓட்டம். அதாவது இரண்டு முழு மாரத்தான், பெரும்பகுதி காட்டுக்குள் மண் சாலையில், சின்னச் சின்ன ஏரிகளைத் தொட்டுக்கொண்டு. இதே வழியாக ஒரு காலத்தில் கெட்டில் வேலி ரயில் ஓடியது. தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அந்தத் தடத்தை நடைக்கும் சைக்கிளுக்குமான பாதையாக்கிவிட்டார்கள். மதுரை–போடி மீட்டர்கேஜ் 2010 முடிவில் நின்றது. தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும்தான் அகல ரயில் வந்தது. நடுவில் பன்னிரண்டு வருடம் அந்தத் தடம் சும்மா கிடந்தது. யாரும் அதில் ஓடிப் பார்க்கவில்லை என்பது கொஞ்சம் வருத்தம்தான்.

பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு இந்த மூன்றாம் நாளைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. கால் பழுத்து, தொடை உரசிப் புண்ணாகி, சோறு பிடிக்காமல் போய், அடுத்த மைல்கல் மட்டும் கண்ணில் தெரிகிற நிலை அது. வழியில் யாரோ முன்பின் தெரியாதவர் மோர் கொடுக்கிறார், இன்னொருவர் காலுக்குத் தைலம் தேய்க்கிறார். அல்ட்ராமேனில் அந்த வேலையைச் செய்வது உடன் வரும் உதவிக் குழு. குழு இல்லாமல் போட்டிக்கே சேர்க்க மாட்டார்கள். அவர்கள் காரில் முன்னால் போய் நிற்பார்கள். தண்ணீர் நிரப்பித் தருவது, எவ்வளவு குடித்தார் என்று கணக்கு வைப்பது, கிறுக்குத்தனமாகப் பேச ஆரம்பித்தால் கவனிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மூன்றாம் நாள் யாராவது ஒருவர் பக்கத்திலேயே ஓடித் துணை கொடுக்கவும் விதி இடம் தருகிறது.

இந்தத் தூரங்களில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் கால் அல்ல, வயிறு. மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் இரத்தம் எல்லாம் தசைக்கும் தோலுக்கும் ஓடிவிட்டதால் குடல் வேலைநிறுத்தம் செய்யும். இனிப்பு ஜெல்லைப் பார்த்தாலே குமட்டும். தாகத்துக்குப் பயந்து வெறும் தண்ணீரை அளவுக்கு மேல் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, மயக்கம், வலிப்பு வரை போகலாம், உயிரிழப்பும் நடந்திருக்கிறது. அதனால்தான் உப்பு மாத்திரை. நீராகாரத்தில் கல் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு வெயிலில் இறங்கும் நம் தோட்டத்து ஆட்களுக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. உலகத்தின் எந்தப் போட்டியிலும் வழியோர மேசையில் தவறாமல் இருக்கும் பழம் வாழை. ஒரு கை போதும், உரிப்பது எளிது, வயிறு பெரும்பாலும் மறுக்காது. அந்த வகையில் ஜி-9 வாழையை வளைகுடாவுக்கு ஏற்றுமதி செய்யும் கம்பம் பள்ளத்தாக்கு இந்த விளையாட்டுக்குள் எப்போதோ நுழைந்துவிட்டது.

சரி, தேடிப் போவது எதை? பென்டிக்டனில் 1983-ல் அயர்ன்மேன் கனடா தொடங்கியபோது இருபத்து சொச்சம் பேர்தான் கலந்துகொண்டார்கள். பிறகு அது ஆயிரக்கணக்கானவர்கள் வரும் போட்டியானது. கூடவே ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள். அவ்வளவு சிறிய ஊரில் அது பெரிய எண்ணிக்கை. பையை எண் பார்த்து எடுத்துக் கொடுப்பது, வெட்சூட்டைக் காலிலிருந்து உருவுவது, நள்ளிரவு வரை முடிவுக்கோட்டில் நின்று கடைசி ஆளுக்கும் கை தட்டுவது என்று. போட்டி நாளன்று சாலை மூடப்படும். ஊர்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டேயாவது காரை வீட்டில் நிறுத்துவார்கள். 2012-க்குப் பிறகு அயர்ன்மேன் என்ற பெயர் விஸ்லருக்குப் போனது, 2022-ல் திரும்பி வந்தது, 2025-ல் ஒட்டாவாவுக்குப் போய்விட்டது. விஸ்லருக்குப் போன காலத்தில் ஊர் சும்மா இருக்கவில்லை. வேறு பெயரில் நீண்ட தூர டிரையத்லானை நடத்திக்கொண்டுதான் இருந்தது.

அல்ட்ராமேனுக்கு அந்தச் சலுகைகூட இல்லை. சாலையை மூடுவதில்லை. லாரியும் வேனும் ஓடுகிற அதே சாலையில், போக்குவரத்து விதியை மதித்துத்தான் சைக்கிள் ஓட்ட வேண்டும். அனு வைத்தியநாதன் மிதித்த 420 கி.மீ.யும் அப்படித்தான். ஆக, தேடிப் போவது மூடிய சாலையைக்கூட அல்ல. சாலையோரத்தில் சைக்கிளுக்கென்று இரண்டு மூன்று அடி தார், பின்னால் ஹாரனை அழுத்தாமல் பொறுத்து வருகிற ஓட்டுநர், ஒரு பெண் தனியாக ஆறு மணி நேரம் சைக்கிளில் போனால் ‘ஏம்மா, யாரைத் தேடிப் போற?’ என்று நிறுத்திக் கேட்காத ஊர்கள். கடமலைக்குண்டு சாலையில் அப்படிக் கேட்பது பெரும்பாலும் அக்கறையால்தான். ஆனாலும் ஊருக்கு ஒருமுறை நின்று பதில் சொன்னால் கெடு தாண்டிவிடும்.

சாலையை மூடுவது நமக்குத் தெரியாத வித்தையும் அல்ல. சபரிமலை சீசனில் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிவிட்டு, குமுளி வழியாக இறக்கி, மலைச்சாலை இரண்டையும் ஒருவழிப் பாதையாக வாரக்கணக்கில் நடத்துகிறது இதே மாவட்ட நிர்வாகம். வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்குப் போக்குவரத்து திருப்பி விடப்படுகிறது. நீர்மோர்ப் பந்தல் போட ஆளைத் தேட வேண்டியதே இல்லை. போடாதே என்று சொன்னால்தான் சண்டை வரும்.

தென்னாசியாவில் இந்த வகைப் போட்டி வந்துசேர்ந்ததே அண்மையில்தான். பாதி தூரமான அயர்ன்மேன் 70.3, அதாவது 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம், 2018 பிப்ரவரியில் கொழும்பில் நடந்தது. இந்தியாவில் முதல் முறையாக 2019 அக்டோபரில் கோவாவின் மிராமர் கடற்கரையில். அந்த முதல் கோவா போட்டியில் வென்றவர் இந்திய ராணுவத்தைச் சேர்ந்த பிஷ்வர்ஜித் சாய்கோம், மணிப்பூர்க்காரர். மணிப்பூருக்கும் கடல் கிடையாது.

தேனியில் ஒரு முழு தூரப் போட்டிக்குத் தடம் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வரைபடம் ஒத்துழைக்கிறது. வைகை அணையில் நீச்சல். அங்கிருந்து தேனி, சின்னமனூர், கம்பம், லோயர் கேம்ப் வரை போய்த் திரும்பினால் 140 கி.மீ. போல வரும், மீதி நாற்பதுக்கு மூல வைகைச் சாலை இருக்கிறது. மாதம் மட்டும் பார்த்துத்தான் வைக்க வேண்டும்: ஏப்ரல், மே என்றால் ஓட்டம் ஆஸ்பத்திரியில் முடியும், வடகிழக்குப் பருவமழை முடிந்து அணையில் தண்ணீர் நிற்கிற ஜனவரி தோதானது, அப்போது சபரிமலை வண்டிகளும் குறையத் தொடங்கிவிடும். அணையில் இறங்கி நீந்த அனுமதி இல்லை என்பதால் நீர்வளத் துறையிடம் முதலில் கடிதம் வாங்க வேண்டும். நீச்சல்காரருக்கு ஒன்று வீதம் துணைப்படகு வேண்டுமே என்ற கவலை வேண்டாம். அணையில் மீன் பிடிக்கும் பரிசல்காரர்கள் தினமும் விடியும் முன்பே தண்ணீரில்தான் இருக்கிறார்கள். ஒரு நாள் மீன்பாட்டுக்கு என்ன தருகிறீர்கள் என்று மட்டும்தான் கேட்பார்கள்.